டேட்டா மாடலுக்கு எல்லோரும் ‘சரி’ சொன்ன பிறகும் தேவை தவறுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பயனர்கள் ஒப்புதல் தந்த டேட்டா மாடலை (எந்தத் தகவல் எதோடு சேரும் என்று பெட்டியும் கோடுமாகக் காட்டும் வரைபடம்) வைத்துத்தான் மென்பொருளைக் கட்டியிருப்பார்கள். கோடிங்கில் குறை இருக்காது. ஆனாலும் முதல் வாரத்திலேயே “இதை எங்கே பதிவது?” என்ற கேள்வி வந்துவிடும். எந்தத் தகவலை வைத்துக்கொள்ள வேண்டும், எது எதோடு சேரும், எது எப்போது கட்டாயம் என்று பேசிய கட்டத்திலேயே பிழை புகுந்துவிட்டது என்று அர்த்தம். பயனர்களோடு உட்கார்ந்து இந்த மாடலை வரைந்து, அழித்து, மறுபடி வரையும் அந்த அமர்வுகளில் தென்படும் அறிகுறிகளையும், ஒவ்வொன்றுக்கும் எங்கே தோண்ட வேண்டும் என்பதையும் கீழே தருகிறோம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே களத்திலிருந்து வருகின்றன: இந்திய மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கி. (2020 திருத்தத்துக்குப் பிறகு விதிகளில் அதன் பெயர் ரத்த மையம், பேச்சில் இன்னும் ரத்த வங்கிதான்.) ஐந்து பெட்டிகளில் அடங்கிவிடும் என்று தோன்றி, பேசப் பேச விரியும் களம் அது. பிழைக்கு விலை ஓர் உயிராக இருக்கலாம் என்பதால் மேலோட்டமாக விட்டுவிடவும் முடியாது.

அமர்வுக்கு முன்

ஒரு வைட்போர்டு, ஒட்டும் சீட்டுகள், ஒரு எக்செல் கோப்பு போதும். வரைபட மென்பொருளை முதல் இரண்டு அமர்வுகளுக்குத் திறக்காதீர்கள். அழகாக அச்சிட்ட படத்தை மாற்றச் சொல்லப் பயனர்கள் தயங்குவார்கள். கையால் வரைந்ததைத் தயங்காமல் அழிக்கச் சொல்வார்கள்.

ஆட்கள்: ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஒருவர், லேப் டெக்னீஷியன் ஒருவர், வழங்கும் கவுண்டரில் இருப்பவர் ஒருவர், மருத்துவ அலுவலர் ஒருவர். துறைத் தலைவர் மட்டும் வந்தால் அமர்வைத் தள்ளிப்போடுவது நல்லது. விதி அவருக்குத் தெரியும். விதிவிலக்கு கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

முக்கியமானது உண்மைப் பதிவுகள். கொடையாளர் பதிவேடு, பரிசோதனைப் பதிவேடு, வழங்கல் பதிவேடு மூன்றிலிருந்தும் 20 வரிகளை எடுத்து, பெயரையும் போன் எண்ணையும் மாற்றி எக்செலில் ஏற்றுங்கள். இருபதும் ஒழுங்கான வரிகளாக இருந்தால் பயனில்லை. அடித்துத் திருத்தியது, ஓரத்தில் குறிப்பு எழுதியது, சிவப்பு மையில் வட்டமிட்டது, கட்டம் காலியாக விட்டது என்று குறைந்தது எட்டாவது இருக்கட்டும். பதிவேட்டின் ஓரக் குறிப்பு ஒவ்வொன்றும் பதிய இடம் கிடைக்காமல் போன ஒரு தேவை.

தொடக்க மாடல்: கொடையாளர், கொடை, பை, பரிசோதனை, வழங்கல் என ஐந்து பெட்டிகள், இடையே கோடுகள். பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த என்டிட்டி–ரிலேஷன்ஷிப் முறையிலேயே வரையலாம். குறியீட்டு முறை எதுவானாலும் கீழே சொல்வது பொருந்தும்.

அறிகுறி: எல்லோரும் தலையாட்டுகிறார்கள், ஒரு எதிர்ப்பும் வரவில்லை

நல்ல செய்தி மாதிரித் தோன்றும். உண்மையில் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி. ஒரு மணி நேரத்தில் ஒரு கோடுகூட அழியவில்லை என்றால் எதுவும் சோதிக்கப்படவில்லை.

காரணம், படத்தைக் காட்டி “சரிதானே?” என்று கேட்டதுதான். பெட்டியும் கோடும் பயனரின் மொழி இல்லை. அவர் உங்கள் வேலையைப் பாராட்டுகிறாரே தவிர, தன் வேலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

படத்தைத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு திசையிலும் வாக்கியமாக்குங்கள். வாக்கியங்களையும் மாதிரிப் பதிவுகளையும் வைத்தே மாடலைச் சரிபார்ப்பது டெர்ரி ஹால்பின் வளர்த்தெடுத்த ஓஆர்எம் (ஆப்ஜெக்ட்–ரோல் மாடலிங்) முறையின் அடிப்படை. படம் எந்த முறையில் இருந்தாலும் இந்த ஒரு பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோட்டின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கேள்வி: குறைந்தது எத்தனை? அதிகபட்சம் எத்தனை? ஆக, ஒரு கோட்டுக்கு நான்கு கேள்விகள். “தரலாம்” என்பதும் “தர வேண்டும்” என்பதும் தனித்தனி விதிகள். வாக்கியத்தின் முடிவை அழுத்தி வாசியுங்கள்.

வாசித்ததும் ஒரு பதிவை முன்னால் வையுங்கள். “ஒரு பை அதிகபட்சம் ஒரு முறைதான் வழங்கப்படும்” என்று மாடல் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். அந்த விதியை மீறும் இரண்டு வரிகளை எக்செலில் எழுதிக் காட்டுங்கள்: பை எண் 1042, காலை 10:15-க்கு அறுவை அரங்குக்கு, அதே 1042, மாலை 4:40-க்கு மகப்பேறு வார்டுக்கு.

“மேடம், இப்படி ரெண்டு வரி வர வாய்ப்பு உண்டுங்களா?”

“வருமே சார். ஆபரேஷன்ல தேவைப்படலைன்னு அரை மணி நேரத்துக்குள்ள திருப்பி அனுப்பிட்டா, சீல் உடையாம, குளிர்ச்சி குறையாம இருந்தா மறுபடி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவோம். அப்புறம் வேற பேஷண்ட்டுக்குப் போகும்.”

ஒரே பதிலில் மூன்று தேவைகள் வந்துவிட்டன: திரும்பப் பெறல் என்று ஒரு நிகழ்வு இருக்கிறது; அதற்கு நேரமும் பையின் நிலையும் வேண்டும்; வழங்கல் ஒரு பைக்குப் பல முறை நடக்கலாம். படத்தை எத்தனை நேரம் காட்டினாலும் இது வந்திருக்காது. மாடல் மறுக்கும் பதிவைக் காட்டி “இது நடக்குமா?” என்று கேளுங்கள், மாடல் ஏற்கும் விநோதமான பதிவைக் காட்டி “இது நடக்கவே கூடாதா?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகள்தான் சரிபார்ப்பு.

அறிகுறி: “இன்று எத்தனை யூனிட்?” என்ற கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்கிறார்கள்

முகாமிலிருந்து வந்தவர் 40 என்கிறார். சேமிப்பறையில் இருப்பவர் 108 என்கிறார். இருவரும் சரி. அவர் சொல்வது கொடைகளை. இவர் சொல்வது பிரித்த கூறுகளை. ஒருவரிடமிருந்து ஒரு முறை எடுத்த ரத்தத்தை டிரிபிள் பேக்கில் எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் பேக்டு செல் (சிவப்பணு), பிளேட்லெட், பிளாஸ்மா என மூன்று பைகள் கிடைக்கும். மூன்றிலும் ஒரே கொடை எண்தான் ஒட்டியிருக்கும். எல்லாக் கொடைகளும் பிரிக்கப்படுவதில்லை. அதனால்தான் 40-ஐ மூன்றால் பெருக்கினாலும் 108 வராது.

‘பை’ என்ற பெட்டியில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள்:

1. இதையும் அதையும் வேறு வேறு என்று எந்த எண்ணை வைத்துச் சொல்வீர்கள்?
2. இது எந்த நொடியில் பிறக்கிறது, எப்போது முடிகிறது?
3. இது அழிந்தாலும் எது மிஞ்சும்?

பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில், 5 நாள் மட்டும் இருக்கும். பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரியில் ஓராண்டு இருக்கும். ஆயுள் வேறு, இருப்பிடம் வேறு, போய்ச் சேரும் நோயாளி வேறு. எனவே கொடை ஒரு பெட்டி, கூறு இன்னொரு பெட்டி. கூறின் அடையாளம்: கொடை எண்ணும் கூறு வகையும்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். புதிய அடையாளத்தையும் உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கொடையிலிருந்து ஒரே வகைக் கூறு இரண்டு வருமா? வரும். பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. அளவே தேவைப்படுவதால், ஒரு பேக்டு செல்லைச் சிறு பைகளாகப் பிரித்து வைப்பார்கள். அப்போது ஒரே கொடை எண், ஒரே வகை, நான்கு பைகள். பகுதி எண் என்று மூன்றாவது ஒன்று சேராவிட்டால், இரண்டாவது சிறு பையைப் பதியும்போதே மென்பொருள் “ஏற்கெனவே உள்ளது” என்று மறுத்துவிடும். நடு இரவில் ஊழியர் என்ன செய்வார்? எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளியோ ஓர் எழுத்தோ சேர்த்துப் பதிவார். அன்றோடு பையைப் பின்தொடரும் வசதி போய்விடும்.

அறிகுறி: போன மாத அறிக்கையை இன்று எடுத்தால் வேறு எண் வருகிறது

காலம் மாடலுக்குள் வரவில்லை. நாளுக்கு நாள் மாறும் ஒன்றை ஆளின் பண்பாக எழுதிவிட்டார்கள். கொடையாளர் பெட்டியில் எடை, ஹீமோகுளோபின், முகவரி, ரத்த வகை எல்லாம் வரிசையாக இருக்கும்.

ஒவ்வொரு பண்பையும் தொட்டு “இது ஆளுடையதா, அந்த நாளுடையதா?” என்று கேளுங்கள். 350 மி.லி. எடுக்க எடை 45 கிலோவாவது வேண்டும்; 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. இந்த எண்கள் அன்றைய முடிவுக்குக் காரணம். இன்று எடையைத் திருத்தினால், போன வருடம் 450 மி.லி. எடுத்தது விதிமீறல் போலத் தெரியும். எடையும் ஹீமோகுளோபினும் கொடை நாளோடு சேர வேண்டியவை.

ரத்த வகைதான் இதில் மிகவும் நுட்பமானது. “அது பிறவியிலிருந்து மாறாதே, ஆளுடையதுதான்” என்று எல்லோரும் சொல்வார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற அரிய நிலைகளை ஒதுக்கிவிட்டால், உடலைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நம் கையில் இருப்பது உடல் இல்லை. ஒரு நாளில், ஒரு மாதிரிக் குழாயில் செய்த பரிசோதனையின் முடிவு. இரண்டு வரிகளை எழுதிக் காட்டுங்கள்: கொடையாளர் 501, மார்ச் மாதக் கொடை, பி பாசிட்டிவ், அதே 501, ஆகஸ்ட் மாதக் கொடை, ஓ பாசிட்டிவ். “இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?”

டெக்னீஷியன் உடனே நிமிர்ந்து உட்காருவார். குழாய் மாறியிருக்கலாம், ஆள் மாறியிருக்கலாம், பெயர் ஒத்த வேறொருவரின் அட்டையில் பதிந்திருக்கலாம். அந்த முரண்பாடே எச்சரிக்கை. ரத்த வகையைக் கொடையாளர் பெட்டியில் ஒரே கட்டமாக வைத்த மாடல், ஆகஸ்ட் முடிவை மார்ச் முடிவின் மேல் எழுதிவிடும். எச்சரிக்கை சுவடில்லாமல் அழிந்துபோகும். சரியான வடிவம்: ஒவ்வொரு கொடைக்கும் தன் வகைப் பரிசோதனை முடிவு, கொடையாளரின் வகை என்பது அந்த முடிவுகள் எல்லாம் ஒத்துப்போனால் மட்டும் அவற்றிலிருந்து பெறும் மதிப்பு. முரண்பட்டால் அந்தக் கொடையின் எந்தக் கூறும் வெளியே போகக் கூடாது என்பது தனி விதி.

திருத்தங்களுக்கு இரண்டு நேரம் தேவை: பரிசோதனை நடந்த நேரம், அதைப் பதிவு செய்த நேரம். திங்கள் நடந்த பரிசோதனையின் முடிவைப் புதன் திருத்தினால், செவ்வாய் அன்று பையை வழங்கியவர் எதைப் பார்த்து வழங்கினார் என்பது பின்னால் தெரிய வேண்டும். “பழைய மதிப்பை யாராவது எப்போதாவது கேட்பார்களா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்பார்கள். “நோயாளிக்கு ஒவ்வாமை வந்துவிட்டது, விசாரணை வருகிறது, எதை எடுத்துக் காட்டுவீர்கள்?” என்று கேளுங்கள்.

அறிகுறி: ‘குறிப்பு’ கட்டமும் ‘மற்றவை’ தேர்வும் நிரம்பி வழிகின்றன

குறிப்புக் கட்டத்தில் எழுதியவற்றை எடுத்து ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்குங்கள். ஒரே கருத்து மூன்று முறைக்கு மேல் வந்தால் அது குறிப்பு இல்லை, விடுபட்ட பண்பு அல்லது விடுபட்ட பெட்டி.

பட்டியல் மதிப்புகளில் ரத்த வகை நல்ல பாடம். ஏ, பி, ஏபி, ஓ, ஒவ்வொன்றுக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ், மொத்தம் 8. முடிந்தது என்று தோன்றும். 1952-இல் மும்பையில் பெண்டே குழுவினர் கண்டறிந்த பம்பாய் வகை இந்த எட்டில் இல்லை. ரத்த செல்லின் மேல் இருக்க வேண்டிய எச் ஆன்டிஜென் என்ற அடையாளப் பொருள் இல்லாததால் செல்லை மட்டும் சோதித்தால் ‘ஓ’ என்றே தெரியும். சீரத்தை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை) சோதித்தால் அது ஓ செல்களையும் திரளச் செய்யும். இந்த வகை ரத்தம் உள்ளவருக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றக் கூடாது. பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு பெயரைச் சேர்த்தால் பாதி பிழைதான் தீரும். செல் சோதனை முடிவு, சீரம் சோதனை முடிவு, இரண்டையும் வைத்து எடுத்த தீர்மானம் என்று மூன்றாகப் பிரித்தால்தான் இரண்டும் ஒத்துப்போகாத நிலையைப் பதியவே முடியும்.

காலிக் கட்டங்களுக்கும் இதே கவனம் வேண்டும். மலேரியா பரிசோதனைக் கட்டம் காலியாக இருக்கிறது. இன்னும் செய்யவில்லையா? செய்து முடிவு தெளிவில்லையா? மாதிரி போதவில்லையா? செய்து பதிய மறந்தார்களா? பயனரிடம் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டி “இதைப் பார்த்தால் பையை எடுத்துக் கொடுப்பீர்களா?” என்று கேட்டால், எத்தனை வகைக் காலி இருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: அறிக்கையில் வரிகள் பெருகுகின்றன, அல்லது சில வரிகள் காணாமல் போகின்றன

பெட்டிகள் எல்லாம் சரி, கோடு போன வழி தவறு. மூன்று வகை உண்டு.

முதலாவது விசிறிப் பொறி. முகாம் என்ற பெட்டியிலிருந்து ஊழியர்களுக்கு ஒரு கோடு, கொடைகளுக்கு ஒரு கோடு. ஆறு ஊழியர், நாற்பது கொடை. “1042-ஆம் கொடையை எடுத்தவர் யார்?” என்று கேட்டால் மாடல் ஆறு பேரையும் காட்டும். கொடைக்கும் ஊழியருக்கும் நேர்க்கோடு இல்லாததுதான் காரணம். இதைச் சோதிக்க வைட்போர்டில் ஒரு முகாம், இரண்டு ஊழியர், இரண்டு கொடை எழுதி, விரலால் கோட்டைத் தொட்டு நடந்து பாருங்கள். பதிலில் ஒரு பெயருக்கு மேல் வந்தால் கோடு குறைகிறது.

இரண்டாவது பிளவுப் பொறி. கொடை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை முகாம் வழியாக அறிகிறோம். மருத்துவமனைக்கே நேரில் வந்து கொடுத்தவருக்கு முகாமே இல்லை. ஊர் வாரி அறிக்கையில் அவர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். மொத்தம் குறைவதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். வழியில் ஒரு கோடாவது ‘குறைந்தது பூஜ்யம்’ என்று இருந்தால், அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு அறிக்கையையும் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, மூன்று பெட்டிகள் சேர்ந்த ஓர் உறவை இரண்டிரண்டாக மூன்று உறவுகளாக உடைத்தது. யார், எந்தக் கருவியில், எந்தப் பரிசோதனையைச் செய்தார் என்பது தேவை. மாதிரி வரிகள்:

கவிதா, கருவி 1, எச்.ஐ.வி.
கவிதா, கருவி 2, ஹெபடைடிஸ் பி
முருகன், கருவி 1, ஹெபடைடிஸ் பி

இதை ஊழியர்–கருவி, கருவி–பரிசோதனை, ஊழியர்–பரிசோதனை என்று மூன்று ஜோடிகளாக எழுதி மறுபடி சேர்த்துப் பாருங்கள். கவிதா கருவி 1-ஐப் பயன்படுத்தியது உண்மை. கருவி 1-இல் ஹெபடைடிஸ் பி நடந்தது உண்மை. கவிதா ஹெபடைடிஸ் பி செய்ததும் உண்மை. ஆகவே “கவிதா, கருவி 1, ஹெபடைடிஸ் பி” என்று நடக்காத நான்காவது வரி பிறந்துவிடும். கருவி 1-இல் பழுது என்று தெரிந்து முடிவுகளைத் திரும்பப் பார்க்கும் நாளில் இந்தப் பொய் வரி பெரும் குழப்பம். மூன்றும் சேர்ந்த நிகழ்வை ஒரே பெட்டியாக வைத்துவிடுங்கள். உடைத்துச் சேர்க்கும் இந்தச் சோதனைக்கு மூன்று வரி மாதிரி போதும். ஒரே வரியை வைத்துச் செய்தால் பிழை தெரியவே தெரியாது.

அறிகுறி: போன் எண்ணில் வரிசையாக 9, பிறந்த தேதியில் எல்லோருக்கும் ஜனவரி 1

கட்டாயம் என்று வைத்ததை ஊழியர்கள் பொய்யால் நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் அவர்களிடம் இல்லாத தகவலை மாடல் கேட்கிறது. வயது சொல்லத் தெரிந்து பிறந்த தேதி தெரியாதவர் நிறையப் பேர். வயது, அது எந்தத் தேதியில் சொன்ன வயது, பிறந்த தேதி தெரிந்தால் அது என்று பிரித்து வையுங்கள்.

“கட்டாயமா?” என்ற கேள்வியை “எந்த நிலையில் கட்டாயம்?” என்று மாற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகளும் கட்டாயம்தான். ஆனால் கொடையைப் பதியும்போது அவை இருக்க முடியாது. கூறை விடுவிக்கும்போது இல்லாமல் இருக்கக் கூடாது. மாடலில் பையின் நிலைகளை எழுதி (தனித்து வைத்தது, விடுவித்தது, ஒதுக்கியது, வழங்கியது, அழித்தது), ஒவ்வொரு நிலைக்கும் எது கட்டாயம் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: பதிவே இல்லாத ஆட்கள். ஹீமோகுளோபின் 11.8 இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே? கொடை நடக்காததால் கொடைப் பெட்டியில் இடமில்லை. அவர் அடுத்த வாரம் வேறு முகாமுக்கு வந்தால் யாருக்கும் தெரியாது. ‘வருகை’ என்று ஒரு பெட்டி வேண்டும். கொடை அந்த வருகையின் ஒரு விளைவு, தள்ளிவைப்பு இன்னொரு விளைவு. “வந்தார், ஆனால் நடக்கவில்லை” என்ற பதிவை எல்லாக் களத்திலும் கேளுங்கள். அநேகமாக ஒவ்வொரு முதல் வரைவிலும் இது விடுபடும்.

அறிகுறி: விதி எல்லோருக்கும் தெரியும், படத்தில் எங்கும் இல்லை

பெட்டி, கோடு, எண்ணிக்கை ஆகியவற்றால் எல்லா விதியையும் வரைய முடியாது. முழு ரத்தக் கொடைகளுக்கு இடையே ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதை எந்தக் கோடும் சொல்லாது. படத்துக்குக் கீழே எண் போட்ட வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு விதிக்கும் ஏற்க வேண்டிய இரண்டு பதிவு, மறுக்க வேண்டிய இரண்டு பதிவு எழுதுங்கள். எல்லையிலேயே எழுதுங்கள்: 89-ஆம் நாள், 90-ஆம் நாள்.

எழுதும்போதே உள்ளிருப்பது வெளியே வரும். நர்ஸ் ‘மூன்று மாதம்’ என்பார், விதி ‘90 நாள்’ என்கிறது. 2025 பிப்ரவரி 1 அன்று கொடுத்தவருக்கு மூன்று மாதம் என்றால் மே 1. 90 நாள் என்றால் மே 2. ஜூலை 1 அன்று கொடுத்தவருக்கு மூன்று மாதம் முடிய 92 நாள் ஆகும். எதை எடுப்பது என்பதை மருத்துவ அலுவலர் முடிவு செய்யட்டும். புரோகிராமர் கையில் விடாதீர்கள். அடுத்து, இயந்திரம் வழியாகப் பிளேட்லெட் மட்டும் கொடுப்பவருக்கு இந்த இடைவெளி பொருந்தாது. அங்கே 48 மணி நேரம், ஆண்டுக்கு 24 முறை என்ற வேறு கணக்கு. ஆக, விதி கொடையாளரை மட்டும் சார்ந்ததில்லை. கொடையின் வகையையும் சார்ந்தது.

காலாவதித் தேதியும் அப்படியே. “பேக்டு செல்லுக்கு 35 நாள்” என்று எழுதிவிடுவார்கள். ரத்தத்தைக் கெடாமல் காக்கும் சிபிடிஏ கரைசல் மட்டும் உள்ள பைக்கு அது சரி. சாக்ம் (SAGM) என்ற கூடுதல் கரைசல் சேர்த்த பைக்கு 42 நாள். கூறு வகையை மட்டும் வைத்துக் காலாவதியைக் கணக்கிடும் மாடலில் பையின் வகை என்ற பண்பே விடுபட்டிருக்கும். கணக்கிட்டு வரும் மதிப்பு ஒவ்வொன்றுக்கும் “இதைக் கணக்கிட என்னென்ன தெரிய வேண்டும்?” என்று பின்னோக்கிக் கேட்டால், விடுபட்ட பண்புகள் தாமாக வந்து நிற்கும்.

அறிகுறி: கொடையாளர் வகையில் ஒருவர் இரண்டு இடத்தில் வருகிறார்

தன்னார்வலர், உறவினருக்காக மாற்றாகக் கொடுப்பவர் என்று கொடையாளரை இரண்டு வகையாகப் பிரித்திருப்பார்கள். போன வருடம் அண்ணனுக்காகக் கொடுத்தவர் இந்த வருடம் கல்லூரி முகாமில் தானாக வந்து கொடுத்தால்? வகை ஆளுக்கு இல்லை, அந்தக் கொடைக்கு. உட்பிரிவு எது போட்டாலும் இரண்டு கேள்வி: ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்கலாமா? எதிலும் இல்லாமல் இருக்கலாமா? காலப்போக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம் என்றால் பிரிவை நிகழ்வின் பக்கம் நகர்த்துங்கள்.

அறிகுறி: பேச்சு இண்டெக்ஸ், டேட்டா டைப் என்று திரும்பிவிடுகிறது

இவை டேட்டாபேஸ் கட்டுபவரின் சொற்கள், பயனர்கள் மௌனமாகிவிடுவார்கள். படத்திலிருந்து ஃபாரின் கீ, நீளம், டைப் எல்லாவற்றையும் அழியுங்கள். போர்டின் ஓரத்தில் ‘பின்னர்’ என்று ஒரு கட்டம் போட்டு அங்கே எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு அமர்விலும் போன அமர்வில் தீர்த்தது மறுபடி உடைகிறது

முடிவுகளை மட்டும் எழுதி, அந்த முடிவுக்குக் காரணமான பதிவுகளை எறிந்துவிட்டதால் வருவது. வழங்கலுக்கும் கூறுக்கும் இடையே ஏன் ‘பல முறை’ என்று வைத்தோம் என்பது நான்கு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. யாராவது அதை ‘ஒரு முறை’ என்று எளிமைப்படுத்திவிடுவார்கள்.

எக்செலில் ஐந்து நெடுவரிசை போதும்: பதிவு எண், மாதிரிப் பதிவு, ஏற்க வேண்டுமா மறுக்க வேண்டுமா, சொன்னவரின் பொறுப்பு, எந்த விதி. மாடலில் ஒரு கோடு மாறினாலும் எல்லாப் பதிவுகளையும் மேலிருந்து கீழ் ஒரு முறை ஓட்டுங்கள். அறுபது பதிவுக்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு டேட்டாபேஸ் உருவானதும் இதே கோப்பு, பதிவுகளை உள்ளிட்டுப் பார்க்கும் இன்ஸர்ட் சோதனையாகிவிடும்.

விதிகள் பின்னிக்கொண்டிருந்தால் எம்.ஐ.டி.யில் டேனியல் ஜாக்சன் குழு உருவாக்கிய அலாய் போன்ற கருவி உதவும். மாடலையும் விதியையும் எழுதிக் கொடுத்தால், சிறிய அளவுக்குள் அந்த விதிகளுக்கு உட்பட்ட நிலைமைகளை அதுவே தேடித் தரும். யாரும் நினைத்துப் பார்க்காத சேர்க்கைகள் வரும்: பரிசோதனை முடியாத கொடையிலிருந்து பிரித்த சிறு பை விடுவிக்கப்பட்ட நிலையில் இருப்பது போல. அதன் படத்தை அப்படியே பயனரிடம் காட்டாதீர்கள். எக்செல் வரியாக மாற்றி, பழைய கேள்வியையே கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது? அடுத்தடுத்து இரண்டு அமர்வுகளில், புதிதாகக் கொண்டுவந்த பதிவுகள் எந்தப் பெட்டியையும் கோட்டையும் மாற்றாமல், பண்புகளை மட்டும் கூட்டினால் நிறுத்தலாம். புதிய பதிவுகளே கொண்டுவராமல் மாற்றம் வரவில்லை என்று சொல்வது கணக்கில் சேராது.

அறிகுறி: பழைய தரவை ஏற்றும்போது புதிய மாடல் ஆயிரக்கணக்கில் மறுக்கிறது

கட்டுப்பாடுகளைத் தளர்த்தி எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடத் தோன்றும். செய்யாதீர்கள். மறுத்த வரிகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

பதிவே தவறு: பை வழங்கிய தேதி, கொடை தேதிக்கு முந்தையது. திருத்த வேண்டும், அல்லது ‘சரிபார்க்கப்படாதது’ என்ற குறியோடு தனியே வைக்க வேண்டும்.

மாடல் தவறு: ஒரே மாதிரியான மறுப்பு வெவ்வேறு ஊழியர்கள் பதிந்த வரிகளில் பரவியிருந்தால், அது பெரும்பாலும் நீங்கள் கேட்காமல் விட்ட வழக்கம். அந்த வரிகளோடு அமர்வுக்குத் திரும்பிப் போங்கள்.

விதி பிற்பாடு மாறியது: பெண் கொடையாளர் ஒருவர் 2016-இல் 95 நாள் இடைவெளியில் கொடுத்திருப்பார். அன்றைய சட்ட விதிப்படி மூன்று மாதம் போதும் என்பதால் அது சரியான பதிவு; 120 நாள் விதி அதற்குப் பிறகு வந்தது. இன்றைய விதியை வைத்து அதை மறுப்பது மாடலின் பிழை. இடைவெளி நாள்களைக் கோடிங்கில் எழுதாமல், கொடை வகை, பாலினம், நாள்கள், அமலான தேதி, முடிந்த தேதி என்று தனிப் பெட்டியாக்குங்கள். ஒவ்வொரு கொடையும் தன் தேதியில் அமலில் இருந்த விதியோடுதான் ஒப்பிடப்பட வேண்டும். இந்தக் குவியலிலிருந்து ஐந்து வரிகளை எடுத்து, ‘ஏற்க வேண்டும்’ என்ற குறிப்போடு எக்செல் கோப்பில் சேர்த்துவிட்டு ஏற்றத்தை மறுபடி ஓட்டுங்கள்.